நூற்றுக்கு எழுபத்து மூன்று: தமிழ்க் குறும்படப் போட்டி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் தமிழ்க் குறும்படப் போட்டி நடத்தும் ஏற்பாட்டுக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

போன ஆண்டு உங்களில் ஒரு குழு என்னை நடுவராக அழைத்தது. எந்தக் குழு என்பது வேண்டாம். அங்கே என் கையில் கொடுத்த மதிப்பெண் தாளை வேறு போட்டிகளிலும் பார்த்திருக்கிறேன்; மேலே இருக்கும் சின்னம் மட்டும்தான் மாறும். கதை 20, நடிப்பு 20, ஒளிப்பதிவு 20, படத்தொகுப்பு 10, இசையும் ஒலியும் 10, சமூகக் கருத்து 20. ஆக 100. ஒரு சனிக்கிழமை, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடி அறை, மூன்று நடுவர்கள், 31 படங்கள், ஒரு மடிக்கணினி, ஆளுக்கொரு நாசி லெமாக் பொட்டலம்.

அன்று நான் ஒரு தப்புச் செய்தேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பதினேழாவதாக ஓடிய படம் ஏழு நிமிடம். செந்தூல் பக்கம் ஒரு பழைய அடுக்குமாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. அண்ணனும் தம்பியும் பதினோராவது மாடியிலிருந்து கண்ணாடி பதித்த மர அலமாரி ஒன்றைப் படி வழியாக இறக்குகிறார்கள். படமே அவ்வளவுதான். ஆறாவது மாடித் திருப்பத்தில் அலமாரி சிக்கிக்கொள்கிறது. ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள் எல்லாரும் நின்று யோசனை சொல்கிறார்கள், ஒருத்தரும் கை கொடுப்பதில்லை. ஒரு பாட்டி, "எங்கப்பா தூக்கிட்டுப் போறீங்க, வீடு மாறுறீங்களா?" என்று கேட்கிறார். தம்பி "ஆமா பாட்டி" என்கிறான். அண்ணன் அவனைத் திரும்பிப் பார்க்கிறான். நான்காவது மாடிக்கு வரும்போதுதான் நமக்கு விஷயம் பிடிபடுகிறது: செத்துப்போன அப்பாவுக்கு இன்னொரு வீடு இருந்திருக்கிறது, அலமாரி அங்கே போகிறது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. அண்ணன் ஒரு பெண்ணிடம் போனில் முகவரி கேட்கிறான். அவரிடம் 'ங்க' போட்டுப் பேசுவதா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒரு வாக்கியத்தில் போடுகிறான், அடுத்ததில் விட்டுவிடுகிறான். அதிலேயே முழுக் குடும்பக் கதையும் வந்துவிடுகிறது. கடைசியில் லோரியின் பின்னால் உட்கார்ந்திருக்கும் தம்பி, அடிக்கடி திறந்துகொள்ளும் அலமாரிக் கதவைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு போகிறான். படம் முடிந்தது.

எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் பேனாவை எடுத்துக் கட்டம் கட்டமாக இறங்கினேன். ஒளிப்பதிவு பரவாயில்லை, படிக்கட்டு இருட்டு, 13. நடிப்பு 15. சமூகக் கருத்து என்ற கட்டத்துக்கு வந்ததும் கை நின்றது. என்ன கருத்து? அலமாரி தூக்கினால் முதுகு வலிக்கும் என்பதா? 4 போட்டேன். கூட்டினால் 61.

பக்கத்தில் இருந்தவர் ஒரு மலாய்ப் படத்தொகுப்பாளர். எல்லாரும் அவரைக் காக் (மலாயில் அக்கா) என்றுதான் கூப்பிடுவோம். தமிழ் தெரியாது, திரையின் கீழே ஓடும் மொழிபெயர்ப்பு வசன வரியைப் படித்துத்தான் பார்த்தார். அவர் போட்டது 92. மூன்றாமவர் பல வருடம் நாடகம் எடுத்தவர், 'முடிவு இல்லை' என்று சொல்லி 58 போட்டார். மொத்தம் 211.

முதல் பரிசு வாங்கிய படம் 14 நிமிடம். கும்பலில் சேரும் மாணவன், அழும் அம்மா, மருத்துவமனைக் கட்டில், மனம் மாறுதல், கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் இளைஞர்களுக்கு ஓர் அறிவுரை. 73, 75, 71. மொத்தம் 219, சராசரி சரியாக 73. சமூகக் கருத்துக்கு நான் 17 கொடுத்திருந்தேன்.

வித்தியாசம் எட்டே மதிப்பெண். அந்த ஒரு கட்டத்தில் 4-க்குப் பதிலாக 13 போட்டிருந்தால் அலமாரிப் படம் ஜெயித்திருக்கும். ஆனால் என்னை உறுத்துவது அந்த எட்டு இல்லை. பரிசளிப்பு முடிந்து தே தாரிக் குடிக்கும்போது மூன்று பேரும் பேசிக்கொண்டோம்: அவரவர் தாளில் முதலிடம் வாங்கிய படம் எது? மூன்று பேருக்கும் மூன்று வேறு படங்கள். ஜெயித்த படம் எங்களில் ஒருவருக்குக்கூட முதலிடம் இல்லை. எங்கள் யாரையும் அது தொந்தரவு செய்யவில்லை, அதனால் ஜெயித்தது.

சராசரிக் கணக்கின் குணமே இதுதான். எல்லாக் கட்டத்திலும் சுமாராக வாங்குகிற படம் மேலே ஏறும். ஒரே ஒரு காரியத்தை உயிரைக் கொடுத்துச் செய்துவிட்டு மற்றதைக் கண்டுகொள்ளாத படம் கீழே இறங்கும். முழுநீளப் படத்துக்கு இது ஓரளவு ஒத்துவரலாம், இரண்டு மணி நேரத்தில் எல்லாமும் கொஞ்சம் வேண்டியிருக்கும். ஏழு நிமிடப் படத்துக்கு ஒரு காரியம் செய்யத்தான் நேரமே இருக்கிறது.

ஆஸ்காரில் சிறந்த படத்துக்கு மட்டும் 2009-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து, வாக்களிப்பவர் படங்களைத் தமக்குப் பிடித்த வரிசையில் எழுதிக் கொடுக்கும் விருப்ப வரிசை முறை வைத்திருக்கிறார்கள். பலர் இரண்டாவது மூன்றாவது இடத்தில் எழுதுகிற படம் அதில் மேலே வந்துவிட வாய்ப்பு உண்டு. அங்கே ஆயிரக்கணக்கான பேர் வாக்களிக்கிறார்கள், எல்லாரையும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைக்க முடியாது, சரி. நாங்கள் மூன்றே பேர். நாசி லெமாக்கை ஒரே மேசையில் பிரித்துச் சாப்பிட்டோம். படங்களைப் பற்றி மட்டும் பேசிக்கொள்ளக் கூடாதாம், 'பாரபட்சம் வந்துவிடும்' என்றீர்கள். கான் விழாவில்கூட நடுவர்கள் கூடிப் பேசித்தான் முடிவெடுக்கிறார்கள். பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். காக் அந்த ஆறாவது மாடித் திருப்பத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசியிருப்பார், நான் என் 4-ஐ அடித்துத் திருத்தியிருப்பேன். ஒரு நல்ல குறும்படம் ஜெயிப்பதற்கு அதற்காகச் சண்டை போட ஒரு நடுவர் வேண்டும். நீங்கள் சண்டை போடும் இடத்தையே மூடிவிட்டீர்கள்.

பேசாமல் இருந்தால் பாரபட்சம் வராது என்பதும் நம்பிக்கைதான். ராபர்ட் ஹாட்ஜ்சன் என்று ஒருவர், கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சியின் திராட்சை மதுப் போட்டியில் ஒரே போத்தலிலிருந்து மூன்று முறை ஊற்றி, தனித்தனி மது போல நடுவர்களிடம் கொடுக்கச் செய்தார். பல ஆண்டுக் கணக்கைச் சேர்த்து 2008-இல் வெளியிட்டார். மூன்று முறையும் ஒரே பதக்க வரம்புக்குள் மதிப்பெண் போட்டவர்கள் நடுவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அவர்கள் நாக்கை வைத்துப் பிழைப்பவர்கள். பிரஸ்ஸல்ஸில் நடக்கும் ராணி எலிசபெத் இசைப் போட்டியில் இறுதிச் சுற்று ஆறு மாலைகள் நடக்கும், யார் எந்த நாள் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். 1996-இல் வந்த ஓர் ஆய்வு என்ன சொன்னது என்றால், முதல் மாலையில் வாசித்தவர்கள் பட்டியலில் கீழே விழும் போக்கு இருக்கிறது. அந்த வரிசை திறமையை வைத்து வந்தது இல்லை, சீட்டில் வந்தது.

இதையெல்லாம் படித்தபோது எங்கள் சனிக்கிழமைதான் ஞாபகத்துக்கு வந்தது. 31 படங்கள், ஆறு மணி நேரத்துக்கு மேல். முதல் படத்துக்கு மூன்று பேரும் கஞ்சத்தனமாகப் போட்டோம், பின்னால் நல்லது வரும் என்று இடம் விட்டு வைத்தோம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் வந்த இரண்டு படங்களை நான் பார்த்தேன் என்று கோயிலில் சத்தியம் செய்ய மாட்டேன். மூன்று பேரும் அதே வரிசையில் பார்த்ததால் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் தூக்கம் வந்தது. ஒரு வாரம் முன்பே படங்களை அனுப்பி, ஆளுக்கொரு வரிசையில் வீட்டில் பார்க்கச் சொல்வதற்கு ஒரு காசு செலவில்லை. 2025 ஏப்ரலில் ஆஸ்கார் அகாடமியே, ஒரு பிரிவில் பரிந்துரையான எல்லாப் படங்களையும் பார்த்தவர்தான் அந்தப் பிரிவில் இறுதி வாக்குப் போடலாம் என்று விதி கொண்டுவந்தது. அதுவரை பார்க்காமலேயே போட்டவர்களும் இருந்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? ஆகவே நாம் மட்டும்தான் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை.

ஒலிக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் படங்கள் உண்மையில் தோற்பது இங்கேதான், நம் தாளில் அது பாதிக் கட்டம்கூட இல்லை.

'இசையும் ஒலியும்' என்று போட்டிருக்கிறீர்கள். அந்தப் பத்தும் இசைக்கே போய்விடுகிறது. படம் கொஞ்சம் இருட்டாக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். பேச்சு காதில் விழாவிட்டால் மூன்றாவது நிமிடம் மனத்தளவில் எழுந்து போய்விடுவார். நம் ஊரில் பேச்சைச் சுத்தமாகப் பிடிப்பது சாமானியக் காரியம் இல்லை. அடுக்குமாடி வீட்டில் மேலே காற்றாடி சுற்றும், அதை நிறுத்தினால் நடிகருக்கு வியர்த்து ஒப்பனை வழியும். நாலு மணிக்கு மழை பிடித்தால் தகரக் கூரைக்குக் கீழே ஒரு வசனமும் தேறாது. பாங்கு ஒலிக்கும், கொம்யூட்டர் ரயில் போகும், பக்கத்து வீட்டில் சீரியல் ஓடும். கேமராவின் தலையில் இருக்கும் ஒலிவாங்கி இவை எல்லாவற்றையும் வசனத்தோடு சேர்த்து அள்ளிக்கொள்ளும். தெரிந்தவர்கள் ஒலிவாங்கியைக் கழியில் கட்டி வாய்க்கு அருகே கொண்டு போவார்கள். காட்சி முடிந்ததும் எல்லாரையும் அசையாமல் நிற்கச் சொல்லி அந்த அறையின் வெற்றுச் சத்தத்தை அரை நிமிடம் பிடித்து வைப்பார்கள், பிறகு வெட்டி ஒட்டும் இடங்களில் அதைத்தான் கீழே விரிப்பார்கள். அலமாரிப் பையன்கள் இதைச் செய்திருந்தார்கள். மாடிக்கு மாடி படிக்கட்டின் எதிரொலி மாறுவது காதுக்குத் தெரிந்தது. மேலே காற்று, நடுவில் யார் வீட்டிலோ வெங்காயம் வதங்கும் சத்தம், கீழே மோட்டார் சைக்கிள்கள். கண்ணை மூடிக்கொண்டாலும் எத்தனையாவது மாடி என்று சொல்லிவிடலாம்.

இதுகூட எனக்கு எப்போது தெரிந்தது? இரண்டு மாதம் கழித்து வீட்டில் ஹெட்ஃபோன் மாட்டி மறுபடி பார்த்தபோது. அன்று அந்த மடிக்கணினியின் கொசுக்குரலில் ஒன்றும் கேட்கவில்லை. ஒலிக்கு 5 போட்டிருந்தேன்.

இன்னொரு விதி: 'குறைந்தது 10 நிமிடம், அதிகம் 15'. அதிகம் சரி. கான் விழாவின் குறும்படப் போட்டிக்கும் பெயர்ப் பட்டியலோடு சேர்த்து 15 நிமிடம்தான் எல்லை, ஆஸ்காரில் 40. ஆனால் குறைந்தது எதற்கு? (அலமாரிப் படத்தையே 'நிமிடம் குறைவு, இருந்தாலும் சேர்த்துக்கொள்கிறோம்' என்று ஏதோ கருணை காட்டுவது போல்தான் சேர்த்தீர்கள்.) ஆறு நிமிடக் கதை வைத்திருக்கும் பிள்ளை பத்தாக்க என்ன செய்வான்? கே.எல்.சி.சி. இரட்டைக் கோபுரத்தைச் சுற்றி ட்ரோன் விடுவான். அதற்கு அனுமதி வாங்கினானா என்று நாம் கேட்பதில்லை, ஒளிப்பதிவில் 17 போடுகிறோம். 31 படங்களில் ஒன்பதில் இரட்டைக் கோபுரம் வந்தது. அதில் ஒன்று பந்திங் செம்பனைத் தோட்டத்தில் நடக்கும் கதை!

பாட்டைப் பற்றி ஒரு வரி. சினிமாப் பாட்டைப் பின்னணியில் ஓட்டிய படங்களுக்கு நாம் பரிசு கொடுத்துவிடுகிறோம். அதே படத்தை வெளியே ஒரு விழாவுக்கு அனுப்ப வேண்டுமென்றால் பாட்டை எழுதி மெட்டமைத்தவர் தரப்பிடம் ஓர் அனுமதி, அந்த ஒலிப்பதிவுக்கு உரிமையுள்ளவரிடம் இன்னொன்று என இரண்டு வேண்டும். அந்தப் படம் நம் மண்டபத்தோடு செத்துவிடும். இதைப் போட்டி விண்ணப்பப் படிவத்திலேயே சொல்லிவிடலாம். வசன வரியும் அப்படித்தான். 'கட்டாயமில்லை' என்று போடாதீர்கள். காக் போன்ற ஒருவர் நம் படத்துக்கு 92 கொடுப்பதற்கு வேறு வழியே கிடையாது.

காக் அன்று என்னிடம் ஒன்று கேட்டார். "உங்கள் படங்களில் ஏன் கடைசியில் யாராவது ஒருவர் மன்னிப்புக் கேட்கிறார்?" சிரித்துச் சமாளித்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் எண்ணிப் பார்த்தேன், 31-இல் பதினெட்டுப் படங்களில் கேட்டிருந்தார்கள்.

நீங்கள் சொல்லப் போவது எனக்குத் தெரியும். குண்டர் கும்பல், போதைப்பொருள், பள்ளியை விட்டு நின்றுவிடும் பிள்ளைகள் எல்லாம் நம் சமூகத்தில் இல்லாத கதையா? நன்கொடை கொடுப்பவர் அதற்காகத்தானே கொடுக்கிறார்? இருக்கிறது, கொடுக்கிறார். அதற்கென்று தனியாக ஒரு பரிசு வையுங்கள், பெரிய தொகையாகவே வையுங்கள், நன்கொடையாளர் கையால் கொடுக்கட்டும். சிறந்த படம் என்ற பரிசுக்குள் அதைக் கலக்காதீர்கள். படம் பார்த்துத் திருந்திய கும்பல்காரர் யாரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை, நீங்கள் சந்தித்திருந்தால் அறிமுகம் செய்து வையுங்கள்.

2016 ஞாபகம் இருக்கிறதா? 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் படங்களை மொழி பார்த்துப் பிரிப்பது பற்றிப் பெரிய சர்ச்சை எழுந்தது. நாம் எவ்வளவு கொதித்தோம். படத்தைப் படமாகப் பார், மொழியாகப் பார்க்காதே என்றுதானே கேட்டோம்? அதே விழாவில் நம் ஊர்த் தமிழ்ப் படமான 'ஜகாட்' சிறந்த மலேசியப் படம் என்ற விருதை வாங்கியபோது தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொன்னோம். அந்த விழாக்காரர்களிடம் கேட்டதைத்தான் இப்போது உங்களிடம் கேட்கிறேன். படத்தைப் படமாகப் பாருங்கள், பள்ளிக்கூடச் சபைகூடலில் பேசும் பேச்சாகப் பார்க்காதீர்கள்.

பரிசளிப்பு இரவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிறப்பு விருந்தினரான டத்தோ வர ஒன்றே முக்கால் மணி நேரம் தாமதம். அதற்குள் இரண்டு நடனம், மூன்று உரை. ஜெயித்த படத்திலிருந்து அரை நிமிடத் துண்டு மட்டும் திரையில் ஓடியது. மாதிரிக் காசோலையோடு படம் பிடித்தோம். குறும்பட விழா என்று மண்டபத்துக்கு வந்த இருநூறு பேரும் ஒரு குறும்படத்தைக்கூட முழுசாகப் பார்க்காமல் பொட்டலச் சாப்பாட்டோடு வீட்டுக்குப் போனார்கள்.

தோற்ற முப்பது பேருக்கு என்ன கிடைத்தது? பங்கேற்புச் சான்றிதழ். நான்கு படங்களில் குழல்விளக்கு வெளிச்சம் துடித்துக்கொண்டே இருந்தது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், கேமராவின் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மாற்றியிருந்தால் சரியாகியிருக்கும். அதை ஒரு வரியில் எழுதி அனுப்ப எங்களுக்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். எழுத இடமில்லை, தாளில் எண் போடும் கட்டங்கள்தான் இருந்தன. இந்த ஆண்டும் அதே நால்வர் அதே துடிப்போடு படம் எடுத்து அனுப்பியிருப்பார்கள்.

அலமாரிப் படத்தை எடுத்த பையனை ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் பார்த்தேன். விநியோக வேலை பார்க்கிறான், பச்சைச் சட்டையோடு வந்து நின்றான். கோபமே இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "அண்ணே, மெசேஜ் வைக்கணுமாண்ணே?" என்று கேட்டான். நான் என்னவோ சொன்னேன். என்ன சொன்னேன் என்பது எனக்கே ஞாபகமில்லை, நிச்சயமாகத் தெளிவாக ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு வேறொரு போட்டியில் அவன் படம் மூன்றாம் பரிசு வாங்கியது. அனுப்பி வைத்தான், பார்த்தேன். போதைப்பொருள் பற்றியது. பன்னிரண்டு நிமிடம். ட்ரோன் காட்சி உண்டு. அம்மா அழுகிறார். கடைசியில் கருப்புத் திரை, வெள்ளை எழுத்து. ஒலி மட்டும் அப்போதும் சுத்தமாக இருந்தது. இந்தப் பிள்ளைகள் நாம் கேட்பதைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். அவன் என்னிடம் கேட்ட கேள்விக்கு என் 4 ஏற்கெனவே பதில் சொல்லியிருந்தது.

இந்த ஆண்டும் அழைப்புக் கடிதம் வந்திருக்கிறது, நன்றி. கூடவே அதே தாள். 'சமூகக் கருத்து' கட்டத்தின் மேல் கோடு போட்டு, தாளின் பின்பக்கத்தில் 'இந்தப் படத்துக்காகச் சண்டை போடுவேன், ஏனென்றால்' என்று மட்டும் எழுதி, கீழே பத்து வரி காலி விட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சம்மதம் என்றால் படங்களின் இணைப்பை ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள், ஹெட்ஃபோனை நானே கொண்டு வருகிறேன். காக் அவர்களையும் கூப்பிடுங்கள். சாப்பாடு மட்டும் இந்த முறை கொஞ்சம் லேசாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
போன ஆண்டு 4 போட்டவன்
கோலாலம்பூர்